பல்லிட்ட சிலிக்கான் கம்பியில் ஒளி திரும்பும் கணக்கு

கண்ணாடிக்குள் பதிந்த ஒரு சிலிக்கான் கம்பியை எடுத்துக்கொள்வோம். உயரம் 220 நானோமீட்டர், அகலம் 500 நானோமீட்டர். தொலைத்தொடர்பில் புழங்கும் 1550 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி இதற்குள் ஓடுகிறது. கம்பியின் இரு பக்கச் சுவர்களிலும் ரம்பத்தின் பற்களைப் போல, சில நானோமீட்டர் ஆழத்துக்கு, சீரான இடைவெளியில் மேடும் பள்ளமும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேட்டில் கம்பி கொஞ்சம் அகலம், பள்ளத்தில் கொஞ்சம் ஒடுக்கம். அதனால் ஒளி உணரும் ஒளிவிலகல் எண் 0.01 அளவுக்கு ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இதில் ஒரே ஒரு படியில் எவ்வளவு ஒளி திரும்பும்? இரு பக்க எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் திரும்பும் அலையின் வீச்சு கிடைக்கும். இந்தக் கம்பியில் ஒளி உணரும் எண் சுமார் 2.4. ஆகவே வீச்சு 0.0021. ஆற்றல் அதன் இருபடி, அதாவது பத்து லட்சத்தில் 4 பங்கு. ஒன்றுமே திரும்பவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் இப்படி 310 பற்களை, அதாவது 620 படிகளை, வரிசையாக வைத்தால் 100 மைக்ரோமீட்டர் நீளத்துக்குள்ளேயே வந்த ஒளியில் 74 சதவீதம் திரும்பிவிடுகிறது.

ஆற்றலைக் கூட்டிப் பார்த்தால் இது விளங்காது. 620 படிகளின் ஆற்றலையும் சேர்த்தால் 0.27 சதவீதம்தான் வருகிறது. கூட்ட வேண்டியது வீச்சை. ஒவ்வொரு படியிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒரே கட்டத்தில், அதாவது முகட்டோடு முகடு பொருந்த, வந்து சேர்ந்தால் வீச்சுகள் நேரடியாகக் கூடும். அதற்குப் பல் ஒன்றின் நீளம் (ஒரு மேடும் ஒரு பள்ளமும் சேர்ந்து), கம்பிக்குள் இருக்கும் அலைநீளத்தில் சரிபாதியாக இருக்க வேண்டும். 1550-ஐ 2.4-ஆல் வகுத்து, பாதியாக்கினால் 323 நானோமீட்டர். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் படியும், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் படியும் எதிரெதிர்க் குறியோடு எதிரொளிக்கும். ஆனால் அவற்றுக்கிடையே கால் அலைநீளத் தூரம் இருப்பதால், போய் வரும்போது அரை அலைநீளம் கூடி அந்தக் குறி வேறுபாடு அழிந்துவிடுகிறது. எல்லாப் படிகளும் ஒத்துழைக்கின்றன.

சரி, 620 முறை 0.0021 என்றால் 1.29. வந்த அலையைவிடத் திரும்பும் அலை பெரிதாக இருக்க முடியாதே? முடியாதுதான். முன்வரிசைப் பற்கள் ஒளியைத் திருப்பிவிடுவதால் பின்னால் உள்ள பற்களுக்குக் குறைந்த ஒளியே போய்ச் சேர்கிறது. திரும்பி வரும் ஒளியும் வழியில் மறுபடி எதிரொளித்து முன்னோக்கிப் போகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒழுங்காகக் கணக்கிட்டால், 1.29 என்ற எண்ணின் ஹைபர்போலிக் டேன்ஜென்ட் (எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டாலும் 1-ஐத் தாண்டாத சார்பு) மதிப்புதான் உண்மையான வீச்சு: 0.86. இருபடி எடுத்தால் 74 சதவீதம். நீளத்தை இரட்டிப்பாக்கினால் 98 சதவீதத்தைத் தொடும். நூறை எட்டாது, நெருங்கிக்கொண்டே போகும்.

இந்தக் கணக்குமுறைக்கு இணைந்த மோடுகளின் கோட்பாடு என்று பெயர். மோடு என்பது கம்பிக்குள் குலையாமல் ஓடக்கூடிய ஒளிப் புலத்தின் குறுக்குவெட்டு வடிவம். முன்னே போகும் மோடு ஒன்று, பின்னே வரும் மோடு ஒன்று, இரண்டுக்கும் இடையே பற்கள் எவ்வளவு வலுவாக ஒளியை மாற்றிவிடுகின்றன என்பதைச் சொல்லும் ஒரு இணைப்புக் கெழு. இரண்டு வகைக்கெழுச் சமன்பாடுகளில் வேலை முடிந்துவிடும். பெல் ஆய்வகத்தில் கோகல்நிக், ஷாங்க் இருவரும் 1970-களின் தொடக்கத்தில் தங்கள் லேசரை விளக்க இதைத்தான் பயன்படுத்தினார்கள். அந்த லேசரில் ஒளியைத் திருப்பத் தனியாக ஆடி எதுவும் கிடையாது; நீளம் முழுக்கப் பரவிய சீரான மேடு பள்ளமே எதிரொளிப்பானாக வேலை செய்தது.

அடிப்படைக் கருத்து இன்னும் பழையது. சீராக மாறி மாறி வரும் ஊடகத்தில் சில அதிர்வெண்கள் நுழைய முடியாமல் திரும்பும் என்று ரேலே பிரபு 1887-லேயே காட்டிவிட்டார். எக்ஸ் கதிர்கள் படிகத்தில் எதிரொளிப்பதை பிராக் தந்தையும் மகனும் விளக்கி 1915-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இன்றும் இந்தப் பல்வரிசைகளுக்கு பிராக் கீற்றணி என்றே பெயர். 1978-ல் கனடாவின் ஒட்டாவாவில் கென் ஹில் குழு, ஒளியிழைக்குள் லேசரால் இப்படியொரு கீற்றணியை எழுத முடியும் என்று கண்டது. ஒளியிழையில் எண்ணின் ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. அங்கே இரண்டு மோடுச் சமன்பாடு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

சிக்கல் நானோ அளவில் வருகிறது. சிலிக்கானின் ஒளிவிலகல் எண் 3.48, சுற்றியுள்ள கண்ணாடியின் எண் 1.44. இத்தனை பெரிய வித்தியாசம் இருக்கும் இடத்தில் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்கினாலோ, பல்லுக்குப் பதிலாகக் கம்பியின் நடுவே துளைகளை வரிசையாகப் போட்டாலோ, பத்திருபது பற்களிலேயே ஒளி நின்றுவிடும். அப்போது பற்களைச் சிறு தொந்தரவு என்று கருத முடியாது. இரண்டு மோடுச் சமன்பாடு ஒரு விஷயத்தைத் தொடக்கத்திலேயே கைகழுவிவிட்டிருக்கிறது: வந்த ஒளி ஒன்று திரும்பும், இல்லை கடந்து போகும், மூன்றாவது வழி இல்லை என்பது அதன் அனுமானம். நானோ கம்பியில் மூன்றாவது வழி உண்டு. ஒளி பக்கவாட்டிலும் மேலேயும் சிதறித் தொலைந்து போகலாம். நல்ல மாதிரி எது என்பதை இந்த மூன்றாவது கணக்கை எப்படி எழுதுகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

தொலைவது எங்கே? பல்வரிசை நெடுகிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறுகிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் முடிவே இல்லாத, குறையே இல்லாத பல்வரிசையில் ஒளி சிதறாது. காரணம், சீரான அமைப்பில் அனுமதிக்கப்படும் அலைகள் தனி இனம். எலக்ட்ரான்களுக்காக ஃபெலிக்ஸ் பிளாக் 1928-ல் எழுதிய தேற்றம் ஒளிக்கும் பொருந்தும்: ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போகும்போது புலத்தின் வடிவம் மாறாது, ஒரு பொதுப் பெருக்கல் எண் மட்டும் சேரும். இதற்கு பிளாக் மோடு என்று பெயர். 323 நானோமீட்டர் பல்வரிசையில் இந்த மோடின் அலை எண் (குறிப்பிட்ட நீளத்துக்குள் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை), சுற்றியுள்ள கண்ணாடியில் பயணிக்கக்கூடிய எந்த அலையின் எண்ணைவிடவும் பெரியது. பொருந்தும் துணை வெளியே இல்லாததால் ஒளிக்கு வெளியேற வழியில்லை. பல்லின் நீளத்தை இரட்டிப்பாக்கினால் கதை மாறும். அப்போது செங்குத்தாக மேலே பாயும் வழி திறந்துவிடும். சில்லிலிருந்து மேலே உள்ள ஒளியிழைக்கு ஒளியை ஏற்றும் கீற்றணிகள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. நேர்மாறாகப் பல்லை மிகச் சிறியதாக்கினால் எதிரொளிப்பும் இல்லை, சிதறலும் இல்லை. ஒளிக்கு அது சீரான வேறொரு பொருளாகவே தெரியும். அதுவும் தனி ஒரு துறையாக வளர்ந்திருக்கிறது, இங்கே வேண்டாம்.

ஆக, தடைப்பட்ட பட்டைக்குள், அதாவது பல்வரிசைக்குள் பயணிக்க முடியாத அலைநீளங்களுக்குள், இருக்கும் ஒளியைப் பல்வரிசை தன்னளவில் முழுசாகத் திருப்பிவிடும். இழப்பு நடப்பது வாசலில், அதாவது வழுவழுப்பான கம்பி முடிந்து பல்வரிசை தொடங்கும் இடத்தில். கம்பியில் வரும் மோடுக்கு ஒரு வடிவம், உள்ளே காத்திருக்கும் பிளாக் மோடுக்கு வேறொரு வடிவம். இரண்டும் பொருந்தாத மிச்சத்தைக் கம்பியும் ஏற்காது, பல்வரிசையும் ஏற்காது. அது வெளியே சிதறுகிறது.

இதைக் கண்ணுக்கு நேரே காட்டிய சோதனை 2003-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. சீரான இடைவெளியில் துளைகள் போட்ட ஃபோட்டானிக் படிகத் தகட்டில், மூன்று துளைகளை மட்டும் போடாமல் விட்டு உருவாக்கிய, ஒளியைச் சிறைப்பிடிக்கும் சிறு பொறியில், நோடா குழுவினர் இரு முனைகளிலும் இருந்த துளைகளை இடைவெளியின் 0.15 பங்கு அளவுக்கு வெளியே நகர்த்தினார்கள். அவ்வளவுதான். ஒளி தப்பாமல் எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறது என்பதைக் காட்டும் தரக் காரணி 45,000-ஐ எட்டியது. துளைகளின் எண்ணிக்கை கூடவில்லை, பொருளும் மாறவில்லை. புலம் திடீரென வெட்டுப்படாமல் மெல்ல இறங்கியதால் சிதறல் அடங்கியது. முனையில் இருக்கும் எதிரொளிப்பானில் புலங்களின் வடிவப் பொருத்தம் மேம்பட்டதாகவும் இதைப் படிக்கலாம். பிரான்சில் ஃபிலிப் லலான் குழு அந்தக் கோணத்தை விரிவாக எழுதியிருக்கிறது. என் பார்வையில் வடிவமைப்பவருக்கு இந்த விளக்கமே அதிகம் உதவும். எந்தத் துளையைத் தொட வேண்டும் என்று அது நேரடியாகச் சொல்கிறது.

வாசலைப் பற்றிய இதே பார்வை, பலவீனமான கீற்றணியில் தெரியும் ஒரு தொல்லையையும் விளக்கிவிடும். எதிரொளிப்பு நிறமாலையில் நடுவே அகலமான மேடும், அதன் இரு பக்கமும் வரிசையாகச் சிறு முகடுகளும் இருக்கும். தடைப்பட்ட பட்டைக்குச் சற்று வெளியே பிளாக் மோடு உள்ளே பயணிக்க முடியும். ஆனால் நுழைவாயிலும் வெளிவாயிலும் திடீர் மாற்றங்கள் என்பதால் ஒளி இரண்டுக்கும் நடுவே முன்னும் பின்னும் மோதுகிறது. அந்த மோதலின் தடம்தான் சிறு முகடுகள். பற்களின் ஆழத்தை முனைகளில் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றினால் அவை மறைகின்றன. அலைநீளப் பிரிப்பான்களில் பக்கத்து அலைவரிசையின் ஒளி கலந்துவிடாமல் இருக்க இதையே செய்கிறார்கள்.

இனி இதைக் கணினியில் எப்படிப் போடுவது என்று பார்ப்போம். எளிய வழி, ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு துண்டையும் ஒரு அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதிப் பெருக்குவது. சீரான அமைப்பு என்பதால் ஒரு பல்லின் அணி கிடைத்தால் போதும். அதை அதனோடு பெருக்கினால் 2 பற்கள், மறுபடி பெருக்கினால் 4, அப்புறம் 8. ஒன்பதாவது முறையில் 512 பற்கள். பல் எண்ணிக்கை இங்கே சுமையே இல்லை. இரண்டு மோடுகளோடு நின்றால் இது அழகாக வேலை செய்யும். சிதறலையும் பிடிக்க வேண்டும் என்று வேகமாக மங்கும் மோடுகளையும் சேர்த்தால்தான் வம்பு வருகிறது. ஒரு திசையில் மங்கும் மோடு, எதிர்த் திசையில் எழுதும்போது பெருகும் மோடாக அணிக்குள் உட்கார்ந்திருக்கும். நாலைந்து பெருக்கலில் அந்த எண் வெடித்துப் பெரிதாகி, நமக்கு வேண்டிய சின்ன எண்களைக் கணினியின் தசமத் துல்லியத்துக்கு வெளியே தள்ளிவிடும். விடை வரும், ஆனால் குப்பை. இதற்குத் தீர்வு சிதறல் அணி: இடப்பக்கப் புலத்தை வலப்பக்கப் புலத்தோடு இணைக்காமல், உள்ளே வரும் அலைகளை வெளியே போகும் அலைகளோடு இணைப்பது. இயற்பியல் அதேதான். கணக்கு மட்டும் உடையாமல் நிற்கிறது.

குறுக்குவெட்டின் புலத்தை ஃபூரியே தொடராக, அதாவது சைன் அலைகளின் கூட்டலாக, எழுதும் முறைக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. மோஹரம், கேலார்ட் இருவரும் 1981-ல் வகுத்த அந்த முறை, மின்புலம் கீற்றுகளுக்கு இணையாக இருந்தால் சில உறுப்புகளிலேயே சரியான விடையைத் தந்தது. செங்குத்தாக இருந்தால், குறிப்பாக உலோகக் கீற்றுகளில், எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் விடை நொண்டி நொண்டித்தான் நெருங்கியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1996-ல்தான் வழி திறந்தது. லலானும் மோரிஸும் ஒரு குழுவாக, கிரானெட்டும் கிசாலும் இன்னொரு குழுவாக, சமன்பாட்டைச் சற்று மாற்றி எழுதிப் பார்த்தார்கள். விடை சட்டென்று நெருங்கியது. ஏன் என்பதை லீ லைஃபெங் கணித விதிகளாக எழுதினார். எல்லையில் ஒளிவிலகல் எண்ணின் இருபடியும் தாவுகிறது, மின்புலமும் தாவுகிறது, ஆனால் இரண்டின் பெருக்கல் தாவுவதில்லை. இப்படிப்பட்ட பெருக்கலை, வெட்டிய ஃபூரியே தொடர்களில் வழக்கமான முறையில் எழுதக் கூடாது. தலைகீழ் மதிப்பின் தொடரை எழுதி, அதன் அணியைத் தலைகீழாக்க வேண்டும். முடிவிலி உறுப்புகள் இருந்தால் இரண்டும் ஒன்றே. கணினியில் முடிவிலி கிடையாது என்பதால் இரண்டும் வேறாகிவிட்டன. இத்தனை ஆண்டுகள் கோளாறு இயற்பியலில் இல்லை, தொடரை எங்கே வெட்டுவது என்பதில் இருந்தது.

ஒளியின் அடிப்படை விதிகளான மேக்ஸ்வெல் சமன்பாடுகளை எந்த அனுமானமும் இல்லாமல் அப்படியே ஓட்டிப் பார்க்கவும் முடியும். 1966-ல் கேன் யீ தந்த முறையில் இடத்தைச் சிறு கட்டங்களாகவும் காலத்தைச் சிறு எட்டுகளாகவும் வெட்டி, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மாறி மாறிப் புதுப்பித்துக்கொண்டே போகிறோம். எந்த வடிவமானாலும் பரவாயில்லை என்பதால் பலரும் முதலில் இதைத்தான் திறக்கிறார்கள். விலையைப் பார்ப்போம். நம் 100 மைக்ரோமீட்டர் பல்வரிசையை, குறுக்கே 2 மைக்ரோமீட்டர் அகலமும் 2 மைக்ரோமீட்டர் உயரமும் கொண்ட வெளியோடு, 10 நானோமீட்டர் கட்டங்களாக வெட்டினால் 40 கோடிக் கட்டங்கள். புலங்களின் ஆறு கூறுகளைச் சேமிக்க மட்டும் ஏறக்குறைய 10 ஜிகாபைட். கால எட்டு 19 அட்டோநொடியைத் தாண்டக் கூடாது. ஒளி ஒரு முறை போய்த் திரும்பவே கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் எட்டுகள். கட்டத்தைப் பாதியாக்கினால் நினைவகம் 8 மடங்கு, வேலை 16 மடங்கு. இத்தனைக்கும் நம் பல்லின் ஆழம் சில நானோமீட்டர்தான். 10 நானோமீட்டர் கட்டத்துக்கு அது கண்ணிலேயே படாது. கட்டத்துக்குள் ஒளிவிலகல் எண்ணைச் சரியான முறையில் சராசரி எடுக்கும் உத்திகள் இல்லாவிட்டால், நீங்கள் கணக்கிடுவது வேறொரு கம்பியை.

இங்கேயும் வாசல் பிரச்சினை வந்து நிற்கிறது. கணக்கின் எல்லையில் ஒளி மோதித் திரும்பாமல் உறிஞ்சப்பட வேண்டும். 1994-ல் பெராஞ்ஜே தந்த உறிஞ்சும் அடுக்கு சீரான பொருளில் கோட்பாட்டளவில் துளியும் எதிரொளிக்காது. ஆனால் பல்வரிசையையே அந்த அடுக்குக்குள் நீட்டினால் அந்த உத்தரவாதம் போய்விடுகிறது. அதன் கணிதம், பயணத் திசையில் பொருள் மாறாது என்ற அடிப்படையில் நிற்கிறது; பல்வரிசையில் பொருள் மாறிக்கொண்டே இருக்கிறது. 2008-ல் எம்ஐடியில் ஸ்டீவன் ஜான்சன் குழு இதைத் தெளிவாகக் காட்டி, வேறு வழியில்லை, உறிஞ்சலை நீண்ட தூரத்துக்கு மெல்ல மெல்ல ஏற்றுங்கள் என்றது. தெரியாமல் ஓட்டினால், உங்கள் கீற்றணியின் எதிரொளிப்பும் உங்கள் கணக்கு எல்லையின் எதிரொளிப்பும் கலந்து ஒரே வரைபடமாக வரும். பார்க்க நம்பும்படிதான் இருக்கும்.

பட்டையின் விளிம்பில் இது இன்னும் மோசம். அங்கே ஒளியின் தொகுதித் திசைவேகம் (ஒளித் துடிப்பு நகரும் வேகம்) சுழியத்தை நோக்கி இறங்குகிறது. மெதுவாகும் ஒளி பற்களோடு அதிக நேரம் உறவாடும். சுவரில் இருக்கும் சொரசொரப்பு அதைப் பின்னுக்குத் தள்ளும் அளவு, ஏறத்தாழ வேகம் குறைந்த மடங்கின் இருபடியாகக் கூடும். மெதுவான ஒளியை வைத்துச் சிறிய சாதனங்கள் செய்யலாம் என்ற கனவு நடைமுறையில் தடுக்கி விழுந்த இடங்களில் இதுவும் ஒன்று.

கடைசியாகத் தொழிற்சாலை. நாம் வரைந்த செவ்வகப் பல், 193 நானோமீட்டர் ஒளியால் அச்சிடும்போது செவ்வகமாக வராது, முனைகள் மழுங்கும். உயரம் குறையாமல் முழுக்க மழுங்கி சைன் அலையாகவே மாறிவிட்டது என்று வைத்தால், இணைப்புக் கெழு 21 சதவீதம் குறைகிறது. நம் 74 சதவீத எதிரொளிப்பு 59-க்கு இறங்கிவிடும். நிஜத்தில் உயரமும் குறைகிறது. கம்பியின் அகலம் 1 நானோமீட்டர் மாறினாலே பட்டையின் மையம் ஏறக்குறைய 1 நானோமீட்டர் நகரும். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் 0.08 நானோமீட்டர். நம் உதாரணத்தில், போதுமான நீளம் கொடுத்தாலும் பட்டையின் மொத்த அகலமே 2.4 நானோமீட்டர்தான். 30 டிகிரி சூடானால் பட்டை தன் முழு அகலத்துக்கும் விலகிப் போயிருக்கும். நீளமான கீற்றணியில் அகலம் வழியெங்கும் லேசாக அலைந்தால் தொலைவில் உள்ள பற்களிலிருந்து திரும்பும் அலைகள் கட்டம் தவறி, நீளத்தைக் கூட்டினாலும் எதிரொளிப்பு கூடாத நிலை வரும்.

அதனால் பெரிய கீற்றணிகளை வடிவமைப்பவர்கள் முப்பரிமாணக் கணக்கை முழு நீளத்துக்கும் ஓட்டுவதில்லை. ஒரு பல்லை மட்டும் எடுத்து, இரு முனைகளையும் பிளாக் நிபந்தனையால் இணைத்து, தடைப்பட்ட பட்டையின் அகலத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து இணைப்புக் கெழுவைப் பெறுகிறார்கள். வாசலை மட்டும் தனியாக, சிதறலையும் சேர்த்து, கவனமாகக் கணக்கிடுகிறார்கள். அப்புறம் வெவ்வேறு நீளமும் வெவ்வேறு பல் ஆழமும் கொண்ட சோதனைக் கீற்றணிகளைத் தொழிற்சாலையில் அச்சிட்டு, அளந்து, கணினி சொன்ன கெழுவைத் தூக்கிவிட்டு அளந்து கிடைத்த கெழுவைப் போடுகிறார்கள். அந்த எண்ணோடு ஓடுவது பெரும்பாலும் பழைய இரண்டு மோடுச் சமன்பாடுதான்.